பள்ளக் காணியில் மேல்வீடு

எங்கள் வீட்டுக்கு மேலே இருக்கும் ஆகாயம் எங்களுடையது அல்ல என்ற செய்தி, எனக்குப் பத்து வயதாக இருந்தபோது பதிவுத் தபாலில் வந்தது. வாப்பா கையெழுத்துப் போட்டு வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசித்தார். கடிதம் தமிழில்தான் இருந்தது. ஆனால் எங்கள் ஊரில் ஒருவரும் கதைக்காத தமிழ். ‘உத்தேச மேலெழு கட்டுமானம்’ என்று ஒரு இடத்தில் இருந்தது. ‘விமானத் தடைப்பரப்பு’ என்று இன்னொரு இடத்தில்.

"சுருக்கமாச் சொல்லுங்க," என்றாள் உம்மா.

"மேல கட்ட ஏலாதாம்," என்றார் வாப்பா.

திருகோணமலைத் துறைமுகத்தின் உட்குடாவை ஒட்டி, விமான ஓடுபாதை முடியும் திசையில் எங்கள் ஊர் இருக்கிறது. இறங்க வரும் விமானங்கள் எங்கள் கூரைகளைத் தாண்டித்தான் போகும். சில்லுகளை எண்ணலாம். அலுமாரிக்குள் கோப்பைகள் கிணுகிணுக்கும். அது தினமும் நடப்பது என்பதால் நாங்கள் அண்ணாந்து பார்ப்பதையே விட்டிருந்தோம். விமானங்களும் எங்களைக் குனிந்து பார்ப்பதில்லை என்றுதான் நினைத்திருந்தோம்.

மேலே கட்டுவது ஆசைக்காக அல்ல. எங்கள் பக்கத்தில் கலியாணம் என்றால் பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும். உம்மாவின் வாப்பா விட்டுப்போனது ஒரே வீடு. அது மூத்த மகளான உம்மாவுக்கு வந்துவிட்டது. பிறகு உம்மாவின் தங்கை, என் சாச்சி, இருந்தாள். இருபத்தாறு வயது. காணி சின்னது, பத்துப் பேர்ச்தான். அதிலும் பின்பக்கம் கடல் சதுப்பு. பக்கவாட்டில் இடமில்லாதவர்கள் எல்லோரும் செய்வதைத்தான் உம்மாவும் செய்தாள். பழைய ஓட்டுக் கூரையைக் கழற்றிக் கொங்கிறீட் தட்டுப் போட்டாள். அதன் மேல் தூண்களுக்கான கம்பிகள் ஆகாயத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டு நின்றன. மூதூரிலிருந்து ஒரு மாப்பிள்ளை பேசியாகியிருந்தது. கட்டாரில் வேலை. மேல்வீட்டுக்குக் கூரை போட்டு முடியட்டும், பிறகு நாள் குறிப்போம் என்று சொல்லியிருந்தார்கள்.

சாச்சி நகரத்தில் ஒரு நில அளவையாளரிடம் வேலை செய்தாள். காணிகளை அளப்பதும் வந்து படம் வரைவதும் அவள் வேலை. கலியாணத்துக்குப் பிறகு அந்த வேலை தேவையில்லை என்றும், பெண்பிள்ளை றோட்டில் கம்பு பிடித்துக்கொண்டு நிற்பது சரியில்லை என்றும் மாப்பிள்ளை வீட்டார் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அன்று சாச்சி குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு இந்தக் கதை வேணாம் ராத்தா," என்றாள் உம்மாவிடம், தலையைத் தூக்காமல்.

உம்மா அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டாள். அக்கம்பக்கத்துப் பெண்களிடம் பெருமையாகவே சொன்னாள், தங்கச்சி வெட்கப்படுகிறாள் என்று. மணப்பெண் வேண்டாம் என்று சொல்வது முறைதான் என்று அவர்களும் ஒத்துக்கொண்டார்கள்.

கடிதம் வந்த மறுநாள் உம்மா கறுப்பு அபாயாவைப் போட்டுக்கொண்டு, காணி உறுதிப் பத்திரத்தையும் எடுத்து, என்னையும் இழுத்துக்கொண்டு, கடிதம் அனுப்பிய அலுவலகத்துக்குப் போனாள். அங்கே கட்டடங்களுக்குப் பொறுப்பாக ஒரு இளம் உத்தியோகத்தர் இருந்தார். திரியாய்ப் பக்கத்து ஆள். நல்ல மனுசன். உம்மாவை ‘அக்கா’ என்று கூப்பிட்டு, கதிரை இழுத்துப் போட்டு, கீழிருந்து பதினெட்டு அடிக்கு மேல் எதுவும் எழும்பக் கூடாது என்று பொறுமையாக விளங்கப்படுத்தினார். தண்ணீர்த் தாங்கி, அன்ரெனா, மரம் எல்லாம் சேர்த்துத்தான். எங்கள் கீழ்வீடே பன்னிரண்டு அடி. மேல் தட்டுக்கு அரை அடி கழித்தால், நடுவில் ஐந்தரை அடி மிஞ்சும்.

"அஞ்சரை அடியில நான் ஆட்டுக்கா மாப்பிள்ளை பாக்கிறன்?" என்று கேட்டாள் உம்மா.

அவர் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார். "சட்டம் அக்கா. பிளேன் இறங்கிற வழி."

"என்ட காணிக்கு உறுதி இருக்கு. இந்தா, கொண்டு வந்தனான். ஆகாயத்துக்கு உறுதி வெச்சிருக்கிறது ஆர்? காட்டுங்க, நான் போறன்."

பக்கத்து மேசைகளில் தட்டச்சுச் சத்தம் நின்றது. உத்தியோகத்தர் மேசை இலாச்சியைத் திறந்து, உள்ளே பார்த்து, மூடினார். அதற்குள் உறுதி இருக்கும் என்று நான் உண்மையாகவே எதிர்பார்த்தேன்.

அடுத்த வாரம் அவரே இரண்டு ஆட்களோடு வீட்டுக்கு வந்தார். நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளை வெட்டச் சொன்னார். உம்மா அதற்கு முன்பே கம்பிகளுக்கு நடுவே கயிறு கட்டி, வீட்டில் இருந்த அத்தனை உடுப்பையும் தோய்த்துப் போட்டிருந்தாள். கட்டில் விரிப்பு, வாப்பாவின் சாரங்கள், என் பள்ளிக்கூடச் சட்டை எல்லாம் கடற்காற்றில் படபடத்தன.

"இது உடுப்புக் காயப்போடுற கம்பி சேர். உடுப்புக்கும் சட்டம் வந்திட்டா?"

கம்பி தப்பியது. தென்னை தப்பவில்லை. வளவு மூலையில் நின்ற அந்த ஒற்றைத் தென்னை பதினெட்டு அடியை எந்தக் காலத்திலோ தாண்டியிருந்தது. வீட்டைக் கட்டாமல் நிறுத்தலாம். தென்னையை வளராமல் நிறுத்த முடியாது. தலையை வெட்டினால் அது தென்னையும் இல்லை. அவர்கள் வெட்டி முடித்து மரத்தை ஏற்றப் போனபோது உம்மா வாசலை மறித்து நின்றாள்.

"ஆகாயத்தில நிண்டது உங்கட. கீழ விழுந்தது என்ட," என்றாள்.

மரத்தை விட்டுவிட்டுப் போனார்கள். உம்மா அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. வெட்டிய அடிமரத்தில் போய் இருந்துகொண்டு கம்பிகளையே பார்த்தாள். கட்டாமல் விடப் போவதில்லை, இடித்தால் இடிக்கட்டும் என்று வாப்பாவிடம் சொன்னாள். வாப்பா வள்ளங்களுக்கு எஞ்சின் திருத்துகிறவர். ஒரு பொருள் ஓடாவிட்டால் ஏன் ஓடவில்லை என்று பார்ப்பதுதான் அவர் குணம். அவர் சாச்சியைப் பார்த்து, "புள்ள, நீதானே அளக்கிற ஆள். ஒருக்கா அளந்து பாரன்," என்றார்.

சாச்சி கடிதத்தைக் கேட்டு வாங்கி, அந்தச் செந்தமிழைச் சொல்சொல்லாக வாசித்தாள். "இதில கீழிருந்து எண்டு இல்லையே ராத்தா. ஓடுபாதை மட்டத்தில இருந்து எண்டுதான் கிடக்கு," என்றாள்.

எங்கள் காணி பள்ளக் காணி. மாரியில் முற்றத்தில் முழங்கால் தண்ணீர் நிற்கும். அந்தப் பள்ளத்தைப் பற்றி உம்மா யாரிடமும் வாய் திறப்பதில்லை. மண் போட்டு உயர்த்த வசதியில்லை என்பது வெட்கம். சனிக்கிழமை சாச்சி தன் முதலாளியிடம் கேட்டு, முக்காலியில் நிற்கும் மட்டம் பார்க்கும் கருவியைக் கொண்டுவந்தாள். கோடு போட்ட நீளக் கம்பைப் பிடிப்பது என் வேலை. ஓடுபாதையின் மட்டம் கடிதத்திலேயே இருந்தது; பெரிய றோட்டுப் பாலத்தில் மட்டம் குறித்த ஒரு கல் உண்டு. அங்கிருந்து தொடங்கி, ஒழுங்கை முழுக்க, நிறுத்தி நிறுத்தி எங்கள் முற்றம் வரை வந்தோம். சாச்சி ஒற்றைக் கண்ணை மூடிப் பார்ப்பாள், கொப்பியில் எழுதுவாள், "அசையாத," என்பாள். நான் மூச்சையும் பிடித்துக்கொண்டு நின்றேன். வழியில் நின்ற பெடியன்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் அவர்களுக்கு நடுவால் கருவியைத் திருப்பி, தள்ளி நில்லுங்கள் என்று கையைக் காட்டினாள். அவர்கள் தள்ளி நின்றார்கள். உலகத்தில் அவளுக்குத் தெரியாத கணக்கு இல்லை என்று அன்று முடிவு செய்தேன்.

எங்கள் முற்றம் ஓடுபாதையை விட நான்கு அடி பள்ளம்.

"அப்ப நாலடி நமக்கு மேல கிடைக்குமா?" என்று உம்மா கேட்டாள்.

"கிடைக்கும்."

"எவ்வளவு உயரம் எழுப்பலாம்?"

சாச்சி கொப்பியைப் பார்த்தாள். பக்கத்தைத் திருப்பினாள். "ஏழடி," என்றாள். "அதுக்கு மேல ஏலாது."

ஏழு அடி குறைவுதான். ஆனால் ஐந்தரையோடு பார்த்தால் அது மாளிகை. உம்மா ஊர் முழுக்கச் சொன்னாள், தங்கள் காணி எவ்வளவு பள்ளம் என்று. அளந்த தாள்களோடும் சாச்சி வரைந்த படத்தோடும் அலுவலகத்துக்குப் போனோம். உத்தியோகத்தர் தானே வந்து அளந்து பார்த்தார்; நான்கு அடி சரியாக வந்தது. படத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்.

மேல் தட்டுக்குக் கொங்கிறீட் போட முட்டுக் கொடுக்க வேண்டும். உம்மா மேசனிடம் வாடகைக் கம்பு வேண்டாம் என்று சொல்லி, அந்தத் தென்னையை ஏழு ஏழு அடியாக அறுத்து நிறுத்தினாள். கொங்கிறீட் போட்ட அன்று ஒரு விமானம் தாழ்வாக வந்தது. உம்மா சீமெந்து படிந்த கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அது போய் இறங்கும்வரை அண்ணாந்து பார்த்தபடியே நின்றாள்.

முட்டுகளை எடுத்த மறுவாரம் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையும் விடுமுறையில் வந்திருந்தார். நல்ல உயரம். அதுவரை அவரைப் படத்தில்தான் பார்த்திருந்தோம். படத்தில் அவர் கதிரையில் இருந்தார். படியேறி உள்ளே நுழைந்தபோது நிலையில் நெற்றி இடித்தது. உள்ளே போய் நிமிர்ந்து, கையைத் தூக்கினார். முழங்கை மடிந்திருக்கும்போதே உள்ளங்கை கூரையில் பட்டது. அவருடைய உம்மா கூரையைச் சுற்றிப் பார்த்தாள்.

"பேன் எங்க போடுவீங்க?" என்று கேட்டாள்.

"மேசைப் பேன் வாங்கலாம்," என்றாள் உம்மா.

"இதுக்குள்ள என்ட மகன் குனிஞ்சுதான் குடும்பம் நடத்தோணும் போல," என்றார் மாப்பிள்ளையின் வாப்பா.

அலுவலகத்தில், வாசலில், கம்பிகளுக்குக் கீழே என்று மாதக்கணக்காக நின்ற அத்தனை நிற்றலும் உம்மாவின் முகத்தில் வந்து நின்றது.

"சட்டத்தோட மல்லுக்கட்டி எடுத்த ஏழடி இது," என்றாள். "குனிய ஏலாத ஆக்களுக்கு இந்த வீடும் இல்ல, என்ட தங்கச்சியும் இல்ல."

வைத்த தேத்தண்ணி வைத்தபடி இருக்க அவர்கள் போனார்கள். வாசல்வரை நிமிர்ந்து நின்ற உம்மா, அவர்களின் வான் ஒழுங்கையைத் தாண்டியதும் குசினிக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். சாச்சி வெளியே நின்று, "ராத்தா, கதவைத் திறங்க," என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அவளும் அழுதிருப்பாள் என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன். இல்லை. ஆனால் உம்மாவின் அழுகை ஒவ்வொரு முறை உயரும்போதும் அவள் கை கதவில் இறுகியது.

இரண்டு கிழமை கழித்து உத்தியோகத்தர் கடைசி அளவு எடுக்க வந்தார். வீடு சட்டப்படி இருக்கிறது என்று அவர் கையெழுத்து வைக்க வேண்டும். உம்மா கீழே அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். மேலே நாங்கள் மூன்று பேர். அவர் கருவியில் பார்த்து, தாளில் எழுதி, தலையைச் சொறிந்தார்.

"மிஸ், மேல இன்னும் ரெண்டரை அடி கிடக்குதே. ஒன்பதரை வரை எழுப்பியிருக்கலாம். படம் கொண்டு வந்த அண்டைக்கே கேக்க நினைச்சனான்."

"தெரியும்," என்றாள் சாச்சி. கீழே கேட்காத மெல்லிய சத்தம். "படத்தில உள்ளபடி இருக்குத்தானே?"

"ஓம், இருக்கு."

"அப்ப வையுங்க சேர்."

அவர் அவளைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். பிறகு வேறு ஒன்றும் கேட்காமல் கையெழுத்து வைத்தார். அவர் படியிறங்கியதும் சாச்சி என் தோளைப் பிடித்தாள். "உம்மாட்ட சொல்லாத, என்ன?"

நான் சொல்லவில்லை. உம்மா இறந்துபோன பிறகும் யாரிடமும் சொன்னதில்லை. சாச்சி தன் மேசையை மேலே ஏற்றி, அங்கேயே படம் வரையத் தொடங்கினாள். இப்போது வாசலில் அவள் பெயருக்குப் பலகை தொங்குகிறது, மூதூரிலிருந்தும் ஆட்கள் காணி அளக்க வருகிறார்கள். ஆனால் அன்று பின்னேரம் நான் செய்தது வேறு. பள்ளிக்கூடக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அந்தக் கணக்கை நானே போட்டுப் பார்த்தேன். பதினெட்டோடு நாலு, இருபத்திரண்டு. பன்னிரண்டரை போனால் ஒன்பதரை. மூன்று தரம் போட்டேன். மூன்று தரமும் ஒன்பதரைதான் வந்தது. அந்தப் பிழையால்தான் கலியாணம் குழம்பியது, உம்மா அழுதாள், சாச்சி வெட்கத்தில் அதை மறைக்கிறாள் என்று விளங்கிக்கொண்டேன். அவளுக்குக் கணக்குப் பிழைத்தது ஊருக்குத் தெரியக் கூடாது என்பதற்காக, அந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டு, முழுவதும் எரியும்வரை பக்கத்திலேயே நின்றேன்.