இப்பத்தான் என்று சொன்ன பொய்

என் வீட்டுக்காரர் டொக்டரிடம் பொய் சொன்னபோது நான் அவருக்குப் பக்கத்தில்தான் ஆஸ்பத்திரித் தள்ளுவண்டியில் கிடந்தேன். வலது கை என்னுடையதாக இல்லை. வாய் ஒரு பக்கம் கோணி, எச்சில் காதுவரை வடிந்தது. துடைக்கவும் முடியவில்லை. என் உடம்பே எனக்கு அருவருப்பாக இருந்தது.

“எத்தனை மணிக்குத் தொடங்கினது?” என்று டொக்டர் கேட்டார். சின்ன வயது, தமிழர்.

“இப்பத்தாங்க சேர். கொஞ்சம் முந்தி.”

அது இப்பத்தான் இல்லை. விடிவதற்கு முன், ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபோதே கை விழுந்துவிட்டது. குளிர் பிடித்துவிட்டது என்று வீட்டுக்காரர் தைலம் தேய்த்தார். வாய் கோணியதைப் பார்த்த பிறகுதான் பெரட்டுக்கு (காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடம்) ஓடித் தேயிலைத் தோட்டத்து வண்டி கேட்டார். வண்டி டவுனுக்குப் போயிருந்தது. அது திரும்பி வந்து, துரை (தோட்ட நிர்வாகி) தலையாட்டி, லிந்துலைப் பக்கத்து மலைப்பாதை வளைவுகளையெல்லாம் கடந்து ஆஸ்பத்திரிக்கு வந்து சேர மத்தியானம் தாண்டிவிட்டது.

எனக்கு வந்திருந்தது பக்கவாதம் (மூளைக்குப் போகும் இரத்தம் தடைப்படுவது). சி.டி. ஸ்கேனில் (மூளையைப் படம் பிடிக்கும் பரிசோதனை) இரத்தக் கசிவு இல்லை, அடைப்புத்தான் என்று தெரிந்தது. தொடங்கிச் சில மணித்தியாலங்களுக்குள் என்றால் இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாம். நேரம் கடந்தபின் போட்டால் அதே ஊசி மூளைக்குள் இரத்தம் கசியவைத்து ஆளைக் கொன்றுவிடலாம். டொக்டர் இதை வீட்டுக்காரருக்கு விளங்கப்படுத்தத்தான் செய்தார். இவர் தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் “இப்பத்தான்” என்றார்.

எனக்கு எல்லாம் விளங்கியது, சொல்லத்தான் முடியவில்லை. ‘இல்லை’ என்ற ஒரே ஒரு சொல்லை வாய்க்குள் தேடினேன். கிடைக்கவில்லை.

அந்த ஆஸ்பத்திரியில் பக்கவாதத்துக்கென்று ஒரு சிகிச்சைப் பாதை (எதை, எந்த ஒழுங்கில், யார் செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே வகுத்த முறை) இருந்தது. நேரத்தை வீட்டாரிடம் மட்டுமல்ல, பேச்சுப் போயிருந்தாலும் நோயாளியிடமும் கேட்க வேண்டும் என்பது அதில் ஒரு படி. சிங்களத் தாதி ஒருவர் அதை ஞாபகப்படுத்தினார். “அம்மாகிட்டயும் கேக்கணும் டொக்டர்.”

“இவளுக்குப் பேச்சே இல்லீங்க மிஸ். இப்பத்தான் வந்திச்சு” என்று வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்.

“சீ!”

அது என் வாயிலிருந்துதான் வந்தது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள், நானும் திடுக்கிட்டுப் போனேன். பேச்சுப் போனாலும் கோபத்தில் வரும் சொல்லும் சாமி பெயரும் சிலருக்குப் போகாமல் தப்பிவிடும் என்று டொக்டர் பிற்பாடு சொன்னார். எனக்குச் சாமி பெயர் தப்பவில்லை.

தாதி என் இடது கையைப் பிடித்தார். “ஆமான்னா அமத்துங்க அம்மா. இப்பவா?” நான் அசையவில்லை. “காலையா?” அமத்தினேன். “வெளிச்சம் வர முந்தியா?” அவர் விரல் நோகும்படி அமத்தினேன்.

வீட்டுக்காரர் அழத் தொடங்கினார். “லேட்டுன்னு சொன்னா ஏசுவீங்க சேர். ஏசிட்டு, பாக்காம விட்டுருவீங்கன்னு பயந்துட்டேன்.”

“ஏசுறதுக்கு இப்ப நேரமில்ல ஐயா” என்றார் டொக்டர். ஊசி போடவில்லை. உயிர் தப்பியது, கை தப்பவில்லை.

ஆஸ்பத்திரி வாட்டில் கிடந்த நாட்களில் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்க்கவே வெறுப்பாக இருந்தது. பிறகுதான் யோசித்தேன். மகனுக்குக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்கு ஓடியபோதும், மச்சானுக்கு நெஞ்சுவலி வந்தபோதும், “தோட்டத்து ஆளுங்க சாகப்போற நேரத்துலதான் தூக்கிட்டு வருவாங்க” என்று எங்களை ஏசியிருக்கிறார்கள். வண்டி கொடுக்காத ஆளை யாரும் ஏசுவதில்லை. எப்படியோ வந்து சேர்ந்தவனுக்குத்தான் ஏச்சு. வாங்கி வாங்கி, ‘இப்பத்தான்’ என்பது எங்கள் வாயில் தானாக வருகிறது.

விழுங்கும் பரிசோதனை முடியும்வரை ஒரு வாய் தேத்தண்ணிகூடத் தரவில்லை. பக்கவாதம் வந்தவருக்கு அது நுரையீரலுக்குள் போய்விடுமாம். மூக்கில் குழாய் போட்டு அதில் கஞ்சி ஊற்றினார்கள். பிள்ளைக்காம்பராவில் (வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்க்கும் இடம்) ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் கழுவிவிட்டவள் நான். இப்போது யாரோ என்னைக் கழுவினார்கள். எனக்கு நன்றி வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும். அடுத்த நாளே என்னை உட்காரவைத்தார்கள். கைகால் பயிற்சி தருபவர் வந்தார். யார் கடமையில் இருந்தாலும் அடுத்து என்ன என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த ஒழுங்கு மட்டும் எனக்கு வெறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாதை ஆஸ்பத்திரி வாசலில்தான் தொடங்குகிறது. லயத்திலிருந்து (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) வாசல்வரை உள்ள தூரத்துக்கு எங்களுக்கு எந்தப் பாதையும் இல்லை.

இதை வாசிக்கிற உங்கள் வீட்டில் யாருக்காவது வாய் கோணினால், கை விழுந்தால், தைலம் தேடாதீர்கள். உடனே கிளம்புங்கள். பிந்திப் போனாலும் மெய்யான நேரத்தைச் சொல்லுங்கள். ஏசினால் ஏசட்டும். ஏச்சு வாங்கி யாரும் செத்ததில்லை.

இப்போது பேச்சு பாதி திரும்பியிருக்கிறது. வலது கை சொன்னதைச் செய்கிறது, பிந்தித்தான். சட்டைக் கொக்கி போட்டு முடிப்பதற்குள் காலைப்பொழுது பாதி போய்விடும். மணிக்கூடு அதன் பாட்டுக்கு ஓடுகிறது, நான் என் பாட்டுக்கு வருகிறேன்.

போன முறை கிளினிக் வாசலில் நம்பர் கொடுக்கிற ஊழியர், “ஏன் இவ்வளவு லேட்டு?” என்று கத்தினார்.

“பஸ்ஸு இப்பத்தாங்க...” என்று வீட்டுக்காரர் ஆரம்பித்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் நிறுத்திக்கொண்டார்.

“பஸ்ஸு... நேரத்துக்கு... வந்திச்சு” என்றேன். “நான்... உடுத்தத்தான்... லேட்டு. என் கை... மெதுவாத்தான்... வரும்.”

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் காத்திருந்தார்கள். ஊழியர் நம்பர் துண்டை நீட்டியபடி நின்றார். அதை வாங்க வீட்டுக்காரர் கை நீட்டினார், நான் விடவில்லை. என் வலது கையைத்தான் நீட்டினேன். அது போய்ச் சேரும்வரை ஊழியர் நிற்கத்தான் வேண்டியிருந்தது.