தாங்கும் என்றேன்

முப்பது வருடமாகத் தி.நகரில் பை விற்கிறேன். ரங்கநாதன் தெருவிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் கடை. பள்ளிக்கூடப் பை, லேப்டாப் பை, வெளிநாடு போகிறவர்களுக்குச் சக்கரம் வைத்த பெட்டி, இப்போது கொஞ்ச காலமாக மலை ஏறுகிறவர்களுக்கான முதுகுப் பை. ஒரு பையைக் கையில் எடுத்தால் அது எந்த இடத்தில் முதலில் விட்டுக்கொடுக்கும் என்று சொல்லிவிடுவேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. எனக்குத் தெரியாமல் நடந்துவிட்டது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது, அதற்காகச் சொல்கிறேன்.

அவர் வந்தது ஆடி மாதத்தில். தெரு முழுக்கத் தள்ளுபடிக் கூட்டம். அறுபதைத் தாண்டியவர், ஒல்லி, முதுகு மட்டும் கோடு போட்டதுபோல நேராக இருந்தது. சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாள் ஒன்றை எடுத்து மேஜையில் விரித்தார்.

“வேட்டைக்குப் போற பை வேணும்.”

எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை. “வேட்டி எதிர்க்கடையில சார்.”

“வேட்டைங்க. மான் வேட்டை. இங்க இல்ல, அமெரிக்காவுல. அங்க லைசென்ஸ் வாங்கிட்டுச் சுடலாம். சுடறது என் பையன். நான் தூக்கறதுக்குப் போறேன்.”

ராஜா அண்ணாமலைபுரத்தில் வீடு. நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. ஒரே மகன் அமெரிக்காவில் மலைகள் நிறைந்த ஏதோ ஒரு மாநிலத்தில் இருந்தான். வருடா வருடம் குளிர் தொடங்கும்போது, பாதையே இல்லாத காட்டுக்குள் ஐந்து நாள் நடந்து போவானாம். அங்கே எல்க் என்று ஒரு மான், குதிரை உயரம் இருக்கும். சுட்ட இடத்திலேயே அறுத்து, இறைச்சியை முதுகில் சுமந்துதான் வெளியே கொண்டுவர வேண்டும். இந்த வருடம் அப்பாவையும் கூப்பிட்டிருந்தான்.

“பையை அவரே அங்க வாங்கிக் கொடுத்துடுவாரே சார்?” என்றேன்.

“அப்படித்தான் சொன்னான். நான்தான் வேணாம்னேன்.” கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: “எட்டு வருஷமா எங்களுக்குள்ள ஒழுங்கா பேச்சு இல்லைங்க. அவங்கம்மா போனப்ப அவனால வர முடியல. நான் சொல்லக்கூடாததெல்லாம் சொல்லிட்டேன். இப்ப அவனா கூப்பிட்டிருக்கான். போய் இறங்கினதும் அது இல்ல, இது இல்லன்னு அவன் முன்னாடி நிக்க வேணாம்னு பாக்கறேன்.”

தாளில் மகன் அனுப்பிய குறிப்புகளைத் தன் கையெழுத்தில் எழுதிவைத்திருந்தார். உள்ளே உலோகச் சட்டம் இருக்க வேண்டும். இறைச்சியைத் துணிமணியோடு சேராமல் தனியாகக் கட்ட இடம் வேண்டும், இல்லையென்றால் ரத்தம் ஊறிவிடும். நிறம் பளபளக்கக் கூடாது. துணி உரசினால் ஓசை வரக் கூடாது. பாரம் தோளில் இல்லாமல் இடுப்பில் இறங்க வேண்டும். அதற்கு அகலமான இடுப்புப் பட்டை.

ஓசை வராத துணி என்பதில்தான் அவர் பிடிவாதமாக இருந்தார். ஒவ்வொரு பையையும் காதருகே பிடித்து நகத்தால் கீறிப் பார்த்தார். தெருச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. கடைசியில் அவரை மாடியில் சரக்கு வைக்கும் அறைக்கு அழைத்துப்போய், மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தினேன். வேர்த்துக் கொட்ட இருவரும் நின்றுகொண்டு பதினைந்து பையைக் கீறிக் கேட்டோம். அந்த அரை மணி நேரம் எனக்குப் பிடித்திருந்தது. இவ்வளவு அக்கறையாகப் பை வாங்க வந்தவரை நான் பார்த்ததில்லை.

ஒரு பழுப்புப் பச்சைப் பை அவருக்குப் பிடித்தது. வடசென்னையில் ஒரு பட்டறையில் தைத்து, வெளிநாட்டுப் பெயர் ஒட்டி வருவது. துணி நல்ல துணி. சட்டமும் மோசமில்லை. இரண்டாம் முறை வந்தபோது தையல் அளவு நாடாவால் அவர் முதுகை அளந்து, கழுத்தெலும்பிலிருந்து இடுப்பெலும்பு வரைக்கும் பட்டைகளைச் சரிசெய்து கொடுத்தேன். மூன்றாம் முறை இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையை அதற்குள் வைத்துக் கட்டி, பனகல் பார்க் வரைக்கும் கூட்டத்துக்குள் நடந்து போய்விட்டு வந்தார். சட்டை நனைந்திருந்தது. முகம் சந்தோஷமாக இருந்தது.

“இது தாங்குமா? நீங்க சொல்லுங்க, வாங்கிக்கறேன்.”

அந்தப் பையில் ஒரு குறை இருந்தது. இடுப்புப் பட்டையைப் பூட்டும் பிளாஸ்டிக் பக்கிள். அதே பையை வாங்கிக்கொண்டு மூணாறு போன கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர், பக்கிள் உடைந்துவிட்டதென்று திருப்பிக் கொண்டுவந்திருந்தார்கள். எங்கள் கடை வாசலில் தையல் மிஷின் போட்டு ஜிப் மாற்றிக் கொடுப்பவர், உடைந்த துண்டை விரலால் வளைத்துப் பார்த்துவிட்டு அப்போதே சொன்னார்.

“அண்ணாச்சி, இந்தப் பக்கிள நம்பாத. இன்னா லேசா கீது பாரு. குளுருல பிஸ்கோத்து மாதிரி உடைஞ்சி பூடும். வேற கனமா வாங்கிக் குடு, மாத்திக் குடுக்கறேன்.”

மாற்றலாம் என்றுதான் இருந்தேன். ஆடிக் கூட்டத்தில் தள்ளிப்போயிற்று. பெரியவர் தாங்குமா என்று கேட்ட அன்று மிஷின்காரர் வேலைக்கு வரவில்லை. ‘ரெண்டு நாள் கழிச்சு வாங்க சார், பக்கிளை மாத்தித் தரேன்’ என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார். காரணத்தைச் சொன்னால் இந்தப் பையே வேண்டாம் என்பார். அவருக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

“கண்ணை மூடிட்டு எடுத்துட்டுப் போங்க சார், தாங்கும்” என்றேன்.

புரட்டாசியில் கிளம்பினார். விமான நிலையத்திலிருந்து அந்தப் பையை மாட்டிக்கொண்டு நிற்கும் படம் ஒன்றை எனக்கு அனுப்பினார். நல்லபடியாகப் போய்வாருங்கள் என்று பதில் போட்டேன். பிறகு மறந்துவிட்டேன்.

பொங்கலுக்கு முந்தைய வாரம், சனிக்கிழமை. ஆட்டோக்காரர் ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கடைக்குள் வந்தார்.

“பைக் கட அண்ணாச்சி நீதானே? தெரு முனைல வண்டில ஒரு பெர்யவர் குந்திகினு கீறாரு. உன்னியக் கூப்புடறாரு. அவரால இறங்க முடியாது.”

போய்ப் பார்த்தேன். பின்சீட்டில் அவர் ஒருபக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நாலு கால் வைத்த நடைச்சட்டம் மடியில் கிடந்தது. உடம்பு இளைத்துப் பாதியாகியிருந்தது.

“உள்ள வாங்க, ஒரு விஷயம் கேட்கணும்” என்றார். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

நாலாம் நாள் மகன் ஒரு எல்க்கைச் சுட்டிருக்கிறான். இறைச்சியைப் பிரித்துக் கட்டிக்கொண்டு இருவரும் இறங்கியிருக்கிறார்கள். வழியில் ஒரு ஓடை. ஓடையைக் கடக்கும்போது இடுப்புப் பட்டையைக் கழட்டிவிட வேண்டும், தண்ணீருக்குள் விழுந்தால் பையை உதறிவிட்டு எழுந்துகொள்வதற்காக. ஏறினதும் திரும்ப மாட்டிவிட வேண்டும். மகன் சொல்லிக்கொடுத்தபடியே அவர் செய்திருக்கிறார். ஓடைக்கு அப்பால் பனி உறைந்த சரிவு. பாதி இறங்கும்போது இடுப்பில் டக்கென்று ஒரு சத்தம். பாரம் முழுக்க ஒரு பக்கமாகச் சாய்ந்து அவரை இழுத்துக்கொண்டு போய்விட்டது. இடுப்பெலும்பு முறிந்தது. ஹெலிகாப்டர் வரும்வரை ஆறு மணி நேரம் அந்தக் குளிரில் மகன் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறான். பை மலையிலேயே கிடந்துவிட்டது. கரடி இழுத்ததோ பனி மூடியதோ, பிறகு கிடைக்கவில்லை.

“ஓடை தாண்டினதும் நான் பட்டைய மாட்டலைன்னு பையன் சொல்றான். சொன்ன பேச்சைக் கேக்கறதே இல்லைன்னு ஆஸ்பத்திரியில ஒரே சண்டை. நான் மாட்டினேன். அந்த டக்குங்கற சத்தம் இன்னும் காதுல இருக்கு. ஆனா படுத்தே கிடக்கறதுல எனக்கே சந்தேகமாப் போச்சு. மாட்டினேனா, மாட்டினதா நினைச்சுக்கிட்டேனா? நீங்க பை விக்கறவர். உங்களுக்குத் தெரியும். அந்தப் பக்கிள் தானா உடையுமா?”

அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. என் வாயிலிருந்து ஒரே ஒரு வார்த்தை வேண்டும், அவ்வளவுதான். எனக்கு என்ன தோன்றியது என்றால், உடையும் என்றால் கேஸ் போடுவார்களோ, மகன் அமெரிக்காவில் இருக்கிறானே, கடை பெயர் நாறிவிடுமே. இதெல்லாம் ஒரு மூச்சு விடும் நேரத்துக்குள்.

“அப்படி உடைஞ்சதா யாரும் சொன்னதில்லையே சார்” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். ரொம்ப நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தார். “அப்ப நான்தான் மாட்டலை போல” என்றார். பிறகு என் கையைத் தட்டிக்கொடுத்து, “வியாபார நேரத்துல இழுத்துட்டேன், போங்க” என்று சொல்லிவிட்டு ஆட்டோக்காரரைக் கிளம்பச் சொன்னார்.

நான் திரும்பி வந்தபோது மிஷின்காரர் நிமிர்ந்து பார்த்தார். “இன்னா அண்ணாச்சி, மூஞ்சி இப்டி கீது?”

சொன்னேன். அவர் மிஷினை நிறுத்தினார். “நீ இன்னா சொன்ன?”

“உடையாதுன்னு.”

“நான் அன்னிக்கே சொன்னனே அண்ணாச்சி.” நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். சாயங்காலம் மிஷினை மூடிவிட்டுக் கிளம்பும்போது, “போய்ச் சொல்லிடு” என்றார்.

போகலாம் என்று தினமும் நினைத்தேன். பொங்கல் முடியட்டும் என்றேன். பொங்கல் முடிந்தது. சரக்கு வந்து இறங்கியது. மூன்றாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை ராஜா அண்ணாமலைபுரத்துக்குப் பஸ் ஏறினேன். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அடுக்குமாடி வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வாட்ச்மேனிடம் அவர் பெயரைச் சொல்லிக் கேட்டேன்.

“வியாழக்கிழமை தவறிட்டாரு சார். கால்ல ரத்தம் உறைஞ்சு, அது நுரையீரல்ல போய் அடைச்சிக்கிச்சாம். பையன் வந்து நேத்துதான் எடுத்தாங்க.”

மேலே போகவில்லை. திரும்பி நடந்தேன்.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு, மகன் ஊருக்குக் கிளம்புவதற்கு முன் போய்விட வேண்டும் என்று ஒரு காலையில் மறுபடியும் போனேன். இரண்டாம் மாடி. கதவைத் திறந்தவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும், தலையை மழித்திருந்தார். கூடத்தில் காகிதங்களையும் நில வரைபடச் சுருள்களையும் பிரித்துப் போட்டிருந்தார்.

“நான் பைக் கடைக்காரன் தம்பி. அப்பா என்கிட்டதான் அந்தப் பையை வாங்கினார்.”

உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். மூணாறு போன பிள்ளைகள், மிஷின்காரர் சொன்னது, நான் தாங்கும் என்று சொன்னது, ஆட்டோவில் சொன்னது.

“அப்பாவுக்கு விக்கறதுக்கு முன்னாடியே உடைஞ்சிருக்கு?”

“ரெண்டு பேருக்கு.”

“ஆட்டோல வந்து கேட்டது என்னிக்கு?”

சொன்னேன். ஃபோனை எடுத்துத் தேடினார். நிறைய நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அன்னிக்கு சாயங்காலம் எனக்குப் பேசினார்” என்றார். “‘நீ சொன்னதுதாண்டா சரி, நான்தான் மாட்ட மறந்துட்டேன், உன்மேல கோவிச்சுக்கிட்டேன்’னார். மூணு மாசமா மாட்டினேன் மாட்டினேன்னு சொல்லிட்டிருந்தவர். ஆஸ்பத்திரியில நர்ஸ் முன்னாடி பொய் சொல்லாதீங்கன்னு கத்தியிருக்கேன்.”

ஃபோன் திரையை விரலால் தேய்த்துக்கொண்டே தொடர்ந்தார்.

“அவர் ஒத்துக்கிட்டதும் எனக்கு அவ்வளவு நிம்மதி. அதுக்கப்புறம் தினம் பேசினோம். அம்மாவைப் பத்திக்கூடப் பேசினோம். பரவாயில்லப்பா, உங்களை மன்னிச்சிட்டேன்னு சொன்னேன். சரிடான்னு வாங்கிக்கிட்டார்.” ஃபோனைக் கீழே வைத்தார். “செய்யாத தப்புக்கு.”

“தம்பி, என்னை மன்னி…”

“அந்த வார்த்தை வேண்டாங்க.”

சத்தம் போட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் போடவில்லை. தரையில் கிடந்த சுருள் ஒன்றை எடுத்துச் சுருட்டினார், பிறகு மறுபடியும் பிரித்தார். நான் வந்து சொன்னதால் அவருக்கு ஒரு நல்லதும் நடக்கவில்லை என்பது அங்கே நின்றபோதுதான் எனக்குப் புரிந்தது. பத்தொன்பது நாள் அப்பாவோடு பேசியது அவரிடம் இருந்தது. அதையும் நான் கெடுத்துவிட்டேன். என்னுடைய பாரம்தான் கொஞ்சம் குறைந்தது. அதற்காகத்தான் வந்தேனோ என்னவோ.

“அந்தப் பையை வேற யாருக்கு வித்திருக்கீங்க?” என்றார்.

“பதினோரு பேருக்கு.”

“நம்பர் இருக்கா?”

“நாலு பேரோடது இருக்கு.”

“அவங்களுக்குப் பண்ணுங்க. இப்பவே பண்ணுங்க.” கதவைத் திறந்துவிட்டுப் பக்கத்தில் நின்றார்.

மாடிப்படியில் உட்கார்ந்து ஃபோனை எடுத்தேன். முதலில் எடுத்தவர் அந்தப் பையை எப்போதோ வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடம் கொடுத்துவிட்டாராம். அடுத்தவர், பரணில் கிடக்கிறது, தொடமாட்டேன் என்றார். மூன்றாவது ஒரு பெண். அடுத்த வாரம் அவர் தம்பி அதை எடுத்துக்கொண்டு மணாலி போகிறானாம், நல்லவேளை சொன்னீர்கள் அண்ணா என்று நன்றி சொன்னார். அந்த நன்றியை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

நாலாவது எண் அடித்துக்கொண்டே இருந்தது. மறுநாளும் அடித்தேன், அதற்கு மறுநாளும். இதுவரை யாரும் எடுக்கவில்லை.