ஒரு வாளிக்கு ஒரு ஸ்பூன்

பூந்தொட்டியிலிருந்து கைப்பிடி மண்ணை எடுத்து டம்ளர் தண்ணீரில் கலக்கி, தெளியும்வரை காத்திருந்து, நீல லிட்மஸ் தாளின் நுனியை அதில் நனைத்து ஜன்னலோரம் பிடித்துப் பார்ப்பார் பெரியவர். தாள் லேசாகச் சிவந்தால் மனிதருக்கு முகம் மலர்ந்துவிடும். "புளிப்பு ஏறியிருக்கு" என்பார், பக்கத்தில் ஆள் இல்லாவிட்டாலும்.

பள்ளிக்கூடத்து வேதியியல் ஆய்வகத்தில் முப்பத்தோரு வருடம் உதவியாளராக இருந்தவர். அடுக்குமாடியில் அவருக்குப் பெயரே லிட்மஸ்தான். ஓய்வு பெற்ற பிறகும் அந்தத் தாள்கட்டு சட்டைப் பையை விட்டு இறங்கவில்லை. மூக்குக் கண்ணாடியைத்தான் வீடு முழுக்கத் தேடுவார். "அமிலத்தைச் சொட்டுச் சொட்டா விடுங்கப்பா, அவசரப்பட்டா அத்தனையும் பாழ்" என்று பிள்ளைகளிடம் தொண்டை வறளக் கத்தியவர்.

பால்கனியில் இருந்த கார்டீனியா மனைவியுடையது. வெள்ளைப் பூ, பூத்தால் வீடெல்லாம் மணக்கும். குழாயில் வருவதோ உப்புத் தண்ணீர், அமில உரம் போடாவிட்டால் இலை மஞ்சளாகிவிடும். மகளின் பிரசவத்துக்குக் கடல் தாண்டிப் போகும்போது அந்த அம்மாள் சொன்னது இவ்வளவுதான்: "பதினஞ்சு நாளைக்கு ஒருதரம். ஒரு வாளிக்கு ஒரு ஸ்பூன்." மூன்று மாதம் என்று போனவர். பேத்தி ஒட்டிக்கொண்டாள், ஒன்றரை வருடம் ஓடிவிட்டது. மனைவி இல்லாத வீட்டில் லிட்மஸுக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. "எப்ப வர்றே?" என்று கேட்டால், "செடி பூக்கட்டும், வந்துடறேன்" என்று போனில் சிரிப்பார்.

விளையாட்டுப் பேச்சு. இவர் நிஜமாகவே எடுத்துக்கொண்டார். மொட்டு வைக்கும் பருவம் பார்த்து வாளிக்கு நாலு ஸ்பூன் கரைத்து, தாய்ச்செடிக்கும் அதிலிருந்து ஒடித்து நட்டிருந்த எட்டுக் கன்றுகளுக்கும் ஊற்றினார். பத்தே நாளில் இலை விளிம்பெல்லாம் கருகித் தாய்ச்செடி போய்விட்டது. கன்றுகளில் ஒன்றுதான் மிஞ்சியது.

அதன்பிறகு வீடியோவில் அந்த ஒற்றைக் கன்றை, இலையோடு போனை ஒட்டித்தான் காட்டிவந்தார். இன்று காலை மாட்டிக்கொண்டார்.

"செடியை மூக்குல இடிக்கிறீங்களே. தள்ளிப் பிடிங்க."

போனை ஓரடி தள்ளினார். காலித் தொட்டிகள் எல்லாம் தெரிந்தன.

"எத்தனை ஸ்பூன் போட்டீங்க?"

"நாலு."

"ஏன்?"

"சீக்கிரம் பூத்தா நீ வந்துடுவியேன்னு."

திரையில் அந்த அம்மாள் விரல் மடக்கி எண்ணினார். பிறகு, "இது பூக்க இன்னும் ரெண்டு வருஷம் ஆகுமேங்க" என்றார். அங்கேயும் ஒருவர் நாள் எண்ணிக்கொண்டிருந்தது லிட்மஸுக்கு அப்போதுதான் புரிந்தது.

இன்று பதினைந்தாம் நாள். வாளியில் தண்ணீர் பிடித்து வைத்தார். டப்பாவிலிருந்து ஒரு ஸ்பூன் உரம் எடுத்து, விரலால் மட்டம் தட்டினார். கன்றைப் பார்த்தார். பாதியைத் திரும்ப டப்பாவிலேயே கொட்டினார்.