சைலன்சர் மாத்தின செவ்வாய்க்கிழமை

என் மூக்கு கொஞ்சம் எடது பக்கம் சாஞ்சிருக்கும். பொறப்புலயே அப்படின்னு நெனச்சிக்கறாங்க, நானும் விட்டுர்றேன். உண்மையில அது ஒரு கார் சைலன்சரால வந்தது. அடிச்சது மனுஷன்தான். அடிச்சதுல நியாயம் இருந்ததால டாக்டர்கிட்ட கதவுல இடிச்சிக்கினேன்னு சொல்லிட்டேன். டாக்டர் என்னைப் பாத்தாரு, கதவுக்கு ரொம்பக் கோவமான்னு கேட்டாரு.

அப்ப எனக்கு நாப்பத்தேழு வயசு. ஊரு கல்லாவிப் பக்கம். ஓசூருக்கு வந்து இருவது வருஷத்துக்கு மேல ஆச்சு. ஒரு பார்ட்ஸ் கம்பெனியில இன்ஸ்பெக்‌ஷன் வேலை. அடுத்தவன் செஞ்சதுல குத்தம் கண்டுபிடிக்கறதுக்கு எனக்குச் சம்பளம். நான் செய்யறதுல குத்தம் கண்டுபிடிக்க வீட்ல ஒருத்தி, சம்பளம் இல்லாம.

குடியிருந்தது லைன் வீடு. நடுவுல சிமெண்ட் வாசல், இந்தப் பக்கம் மூணு வீடு, அந்தப் பக்கம் மூணு. ஆறு வீட்டுக்கும் ஆறு கம்பெனி, ஆறு ஷிஃப்ட்டு. எந்நேரமும் யாராவது ஒருத்தர் தூங்கிக்கினு இருப்பாங்க. அதுக்காக ஒரு பழக்கம் வெச்சிருந்தோம். நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்து படுக்கறவங்க, கதவுக் கொண்டியில ஒரு துண்டக் கட்டிடுவாங்க. துண்டு இருந்தா அந்தக் கதவுக்கு முன்னாடி யாரும் துணி தொவைக்க மாட்டாங்க, சத்தமா போன் பேச மாட்டாங்க. எழுதாத சட்டம். சண்டைக்காரங்க கூட துண்டப் பாத்தா தெருவுக்குப் போய் அடிச்சிக்குவாங்க.

எதிர் வீட்ல ஒரு திருநெல்வேலிக்காரன். முப்பது வயசு, தனி ஆளு, பொண்டாட்டி ஊர்ல. ஒரு சின்ன ஷெட்டுல பவர் பிரெஸ் ஓட்டறான். தகட்ட வெச்சு ரெண்டு கையாலயும் ரெண்டு பட்டன அமுக்கினாத்தான் பிரெஸ் எறங்கணும். அப்பத்தான் கை வெளிய இருக்கும். ஆனா அந்த ஷெட்டுல உருப்படி அதிகமா வரணும்னு ஒரு பட்டன டேப் போட்டு அமுக்கியே வெச்சிருந்தாங்க. முந்தின மாசம் பக்கத்து மிஷின்ல ஒருத்தன் கண்ணு சொக்கி ரெண்டு விரல உட்டுட்டான். அதச் சொன்ன அன்னிக்கு இவன் ரெண்டு கையையும் விரிச்சு என் மூஞ்சிக்கு முன்னாடி காட்டினான்.

"பகல்ல ஆறு மணி நேரம் ஒறங்குனாத்தான் அண்ணாச்சி, ராத்திரி இந்தப் பத்தும் எனக்குச் சொந்தம்."

நான் தலையாட்டினேன். நல்லா ஆட்டுவேன். அதுல எனக்குக் கொறையே இல்ல.

எங்கிட்ட ஒரு பழைய கார் இருந்துச்சு. மூணாவது கை. சைலன்சர் துருப்புடிச்சு ஓட்டை விழுந்து, இருமிக்கினே போகும். ஒர்க்‌ஷாப்ல கேட்ட காசுக்கு நான் அந்தக் காரையே வித்துடலாம். குருபரப்பள்ளி ரோட்டுல ஒரு பழைய இரும்புக் கடையில, மோதி நசுங்கின வண்டியில இருந்து கழட்டுன பெரிய வாய் சைலன்சர் ஒண்ணு கெடந்துச்சு. பளபளன்னு, என் மணிக்கட்டே உள்ள போற அளவுக்கு வாய். இத மாட்டினா வண்டி உறுமும்னு கடைக்காரர் சொன்னாரு. வீட்டுக்குத் தூக்கினு வந்து பொண்டாட்டிகிட்ட அதையே சொன்னேன். "நாப்பத்தேழு வயசுல உனுக்கு உறுமல் ஒண்ணுதான் கொறச்சல்"னா.

எங்க கம்பெனிக்கு வார லீவு செவ்வாய்க்கிழமை. ஆறு வீட்டு ஷிஃப்ட்டும் எனக்கு மனப்பாடம். என் கணக்குல அந்த வாரம் எதிர் வீட்டுக்காரனுக்குக் காலை ஷிஃப்ட்டு, வீட்ல இருக்க மாட்டான். அதனால வாசல்ல வண்டியப் பின்னாடியே உட்டு, பின்பக்கம் அவன் ஜன்னலுக்கு நேரா வர்ற மாதிரி நிறுத்துனேன். அவன் கூட வேலை செய்யறவன் ஊருக்குப் போகணும்னு ஷிஃப்ட்ட மாத்திக்கினது எனக்குத் தெரியாது.

ஜாக்கி போட்டு, ரெண்டு பக்கமும் கல்லு வெச்சு, அடியில பூந்தேன். அந்தப் பழைய சைலன்சர் கழண்டு வர மாட்டேன்னுச்சு. போல்ட்டு தலையெல்லாம் துருவுல கரைஞ்சு உருண்டையாயிடுச்சு. ஸ்பேனர் வழுக்கி என் முட்டி போய் சேசிஸ்ல அடிச்சுத் தோலு உரிஞ்சுது. உளிய வெச்சு அடிச்சேன். உளி தவறி கட்ட விரல்ல விழுந்துச்சு. அப்பறம் கோவம் வந்து கிரைண்டர எடுத்தேன். கட்டிங் வீல் பாதியில ஒடைஞ்சு, ஒரு துண்டு என் காதோரமா பறந்து போய் செவுத்துல குத்தி நின்னுச்சு. ஓசூர்ல கிரைண்டர் சத்தத்துக்கு யாரும் முழிக்க மாட்டாங்க, எப்பவும் எங்கயாவது ஒரு வீடு கட்டிக்கினே இருப்பாங்க. அவனும் முழிக்கல.

வேற வீல் மாட்டி அறுத்தேன். பழசு அறுந்து என் நெஞ்சு மேலயே விழுந்துச்சு. துருவெல்லாம் கண்ணுல. கண்ணத் தொறக்க முடியாம வெளிய ஊர்ந்து வந்து, துணி எங்கன்னு தடவிக்கினே போறேன். கையில ஒரு துண்டு மாட்டுச்சு. இழுத்தேன், வந்துச்சு. கண்ணத் தொடச்சேன், கையத் தொடச்சேன், அப்பறம் சூடான பைப்பச் சுத்திப் புடிச்சிக்கினேன். எதிர் வீட்டுக் கொண்டியில இருந்த துண்டுதான்னு தெரியும். காயப் போட்டதுன்னு நெனச்சேன். முடிச்சு இருந்துச்சா இல்லையான்னு பாக்கல. இன்ஸ்பெக்‌ஷன்காரன் நான்.

பெருசு மாட்டிட்டேன். கிளாம்ப் பத்தல, கட்டுக்கம்பியாலயே இறுக்கினேன். வண்டியில ஏறி ஸ்டார்ட் பண்ணி ஆக்ஸிலேட்டர ஒரு மிதி மிதிச்சேன்.

உறுமல் இல்ல அது, வெடி. பொகை மொத்தமும் அவன் ஜன்னலுக்குள்ள போச்சு. எனக்கு அவ்ளோ சந்தோஷம். இன்னொரு மிதி மிதிச்சுட்டு, எறங்கிப் பின்னாடி போய் அழகு பாத்துக்கினு நின்னேன்.

மொத அடி பொடனியில விழுந்துச்சு. திரும்பறதுக்குள்ள ரெண்டாவது மூக்குல. உள்ள ஏதோ முறியற சத்தம் எனக்கே கேட்டுச்சு. லுங்கியோட நிக்கறான், கண்ணு ரெண்டும் செவந்து, இருமிக்கினு. கீழ கெடந்த பழைய சைலன்சரத் தூக்கிப் பின் கண்ணாடியில ஒரே போடு. அப்பறம் லைட்டு. என் கழுத்தப் புடிச்சு பம்பரோட சேத்துக் கீழ அமுக்கினான். என் முழங்கை புது பைப்புல ஒட்டிச்சு. தோலு வேகற நாத்தம் எனக்கே வந்துச்சு. அந்த வடு இன்னும் இருக்கு.

வலியில எனக்கும் வெறி புடிச்சிடுச்சு. முட்டிக்காலால அவன் வயித்துல குத்தினேன். அவன் குனிஞ்ச நேரத்துல சுத்தியல் கையில கெடச்சுது. ஓங்கிட்டேன். யாரு எவருன்ற நெனப்பே எனக்கு அப்ப இல்ல, சத்தியமா சொல்றேன். அவன் தடுக்க ரெண்டு கையையும் விரிச்சு மேல தூக்கினான். சுத்தியல் எறங்கற வழியில அவன் விரல் பத்தும் இருந்துச்சு.

எப்படித் திருப்பினேன்னு தெரியாது. டிக்கி மேல எறங்கி, தகடு கிண்ணம் மாதிரி குழிஞ்சுது.

அவன் கையக் கீழ எறக்கவே இல்ல.

"அடியும் அண்ணாச்சி. ராத்திரி மிஷினு செய்யப் போறத நீரே செஞ்சிரும்."

அப்பத்தான் கீழ பாத்தேன். கிரீஸ் அப்பின துண்டு. ஒரு மூலையில முடிச்சு அப்படியே இருந்துச்சு.

பொண்டாட்டி ஓடி வந்து வண்டிய ஆஃப் பண்ணா, என் மூக்குல தண்ணிய ஊத்துனா. இன்னிக்கு லீவு போட்டா என்னன்னு அவனக் கேட்டா. லீவு போட்டா வேற ஆள வெச்சிடுவாங்களாம். எத்தன மணிக்குப் படுத்தன்னு கேட்டா. ஒம்பதுக்கு. அப்ப மணி பத்தரை. அவன் உள்ள போய்க் கதவச் சாத்திக்கினான். ராத்திரி ஷிஃப்ட்டு பத்து மணிக்கு.

மூக்குல பஞ்ச அடைச்சுக்கினு, கைச்சூட்டுக்கு மாவத் தடவிக்கினு, அவன் கதவுக்கு முன்னாடி பிளாஸ்டிக் சேர் போட்டு உக்காந்தேன். துண்டு வீணாப் போனதால என் சட்டையக் கழட்டி கொண்டியில கட்டுனேன். ரத்தம் சொட்டின சட்டை. துண்ட விட நல்லா வேலை செஞ்சுது. பக்கத்து வீட்டம்மா செருப்பக் கையில தூக்கிக்கினு போனாங்க. அவங்க வீட்ல குக்கர் போட்டப்ப உள்ள பூந்து விசிலப் புடுங்கினு வந்துட்டேன். கன்னடக்காரங்க, பாவம், பூந்தது யாருன்னு பாக்காமலே திருடன்னு நெனச்சு கரண்டியால மண்டையில ஒண்ணு வெச்சாங்க. வாங்கிக்கினேன்.

பன்னண்டு மணிக்கு வெங்காய டெம்போ வந்துச்சு, மைக் செட்டோட. கையக் காட்டி ஆஃப் பண்ணச் சொன்னேன். சட்டையில்லாம மூக்குல பஞ்சோட ஒருத்தன் வந்து சொன்னா யாரு கேப்பாங்க. சத்தத்த ஏத்தி வெச்சான். நான் ஏறி ஸ்பீக்கர் ஒயரப் புடுங்கினேன். அவன் தெலுங்குல எங்கப்பாவ விசாரிச்சான், நான் தமிழ்ல அவன் பரம்பரையையே விசாரிச்சேன், ரெண்டும் குசுகுசுன்னு, ஏன்னா நான் வாயில விரல வெச்சுக் கெஞ்சிக்கினேதான் திட்டினேன். அவன் ரெண்டு கிலோ எடைக்கல்ல எடுத்து என் கால் மேல போட்டான். கத்தக் கூட முடியல. கையக் கடிச்சிக்கினு உக்காந்துட்டேன். என்னைப் பாத்து பயந்தானோ, பரிதாபப்பட்டானோ, மைக் போடாமலே போயிட்டான்.

மூணு மணிக்கு மேல உள்ள இருந்து குறட்டை கேட்டுச்சு. கண்ணுல தண்ணி வந்துடுச்சு. மூக்கு வலியாலயும் இருக்கலாம். நாலு மணிக்கு மேல கரண்ட் போயி ஃபேன் நின்னுச்சு, குறட்டையும் நின்னுச்சு. கரண்ட அடிக்கறதுக்கு எனக்கு வழி தெரியல. காலையில ஒண்ணரை, இப்ப ஒண்ணு, மொத்தத்துல அவன் தூங்கினது ரெண்டரை மணி நேரம். எந்திரிச்சு, என் பக்கம் திரும்பாம குளிச்சு, ராத்திரி கம்பெனி வேன்ல போயிட்டான்.

மறுநாள் காலையில ஆறே முக்காலுக்கே வேன் நிக்கற எடத்துக்கு நொண்டிக்கினு போயிட்டேன். வேன் வந்துச்சு. அஞ்சு பேரு எறங்கினாங்க. அவன் இல்ல. கிளீனர் கதவச் சாத்தப் போனான். நான் குறுக்க கைய உட்டுத் தடுத்தேன். அப்பறம் பின் சீட்ல இருந்து எந்திரிச்சு வந்தான், ரெண்டு கையையும் ஸ்வெட்டர் பாக்கெட்டுக்குள்ள உட்டுக்கினு. ஓசூர் குளிருக்கு எல்லாரும் அப்படித்தான் வருவாங்க. நான் மட்டும் அந்தப் பாக்கெட்டையே பாத்துக்கினு நின்னேன்.

நேரா எம்முன்னாடி வந்து நின்னான்.

"ராத்திரி ரெண்டு தடவ கண்ணு சொருகிட்டு அண்ணாச்சி. ரெண்டு தடவயும் ஒம்ம மூஞ்சிய நெனச்சேன். கோவத்துல முழிப்பு வந்துட்டு."

வலது கைய வெளிய எடுத்து என் எடது கன்னத்துல உட்டான். நான் சாயறதுக்குள்ள எடது கைய எடுத்து வலது கன்னத்துல உட்டான். ரெண்டு தடவைக்கு ரெண்டு. அப்பறம் வீட்டப் பாத்து நடந்துட்டான், தூங்கணும்ல.

வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னாடி நின்னேன். ரெண்டு கன்னமும் செவந்து தடிச்சிருந்துச்சு. விரல் தடத்த எண்ணினேன், இந்தப் பக்கம் அஞ்சு, அந்தப் பக்கம் நாலு. கண்ணாடிக்கு இன்னும் கிட்ட போனேன். அப்பறம் தலையச் சாச்சுப் பாத்தேன், கட்ட விரல் காதுக்குக் கீழ போய்ப் பதிஞ்சிருந்துச்சு. மறுபடியும் மொதல்ல இருந்து எண்ணிட்டுத்தான் மூஞ்சி கழுவுனேன்.