பாரை மாத்து

இந்த நாட்டின் அணு ரகசியத்தை நூறு கோடிப் பேர் கண்ணில் படாமல் காத்த இரும்புப் பெட்டி ஒன்று அடையாறில் நிற்கிறது. அதில் ஒரு மத்தியானம் நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன். கதையல்ல, சத்தியமாக நடந்தது. நம்பாதவர்கள் நேரிலேயே போய்ப் பார்க்கலாம். பாலம் தாண்டி, ஊரூர் குப்பத்துக்குத் திரும்பும் முனை. மீன் வறுவல் நன்றாக இருக்கும். வண்டி நிறுத்த மட்டும் இடம் கிடையாது.

ஒரு காலத்தில் அணு உலைக்கான சரக்கு ரயிலில் போகும். சரக்கு வண்டியோடு துப்பாக்கிக்காரர்கள் உட்கார்ந்த காவல் பெட்டி ஒன்றையும் கோத்து அனுப்புவார்கள். அந்தப் பெட்டிதான் இது. சுவரெல்லாம் தடித்த இரும்பு. ஜன்னல் என்று பேருக்கு ஒரு சாண் துவாரங்கள், இழுத்து மூட இரும்புத் தகடு. துருப்பிடித்துக் கிடந்ததை பாரத் என்கிற இளைஞன் பழைய இரும்பு ஏலத்தில் எடுத்தான். பெயின்ட் அடித்தான். ஏசி மாட்டினான். 'அணு எக்ஸ்பிரஸ்' என்று போர்டு வைத்தான். பரிமாறும் பையன்களுக்குக் காக்கிச் சட்டை போட்டான். மெனு அட்டையில் 'பரம ரகசியம்' என்று சிவப்பு முத்திரை குத்தினான். அட்டைக்குள் இருந்த ரகசியம் இட்லி, தோசை, மீன் வறுவல்.

மீன் வறுவல் டயானாவுடையது. குப்பத்துப் பெண். கிரேன் வந்து பெட்டியை இறக்கிய இடத்தில்தான் அதுவரை அவளுடைய தள்ளுவண்டி நின்றிருந்தது. அவள் போட்ட சத்தத்தில் பாரத் ஒரு வாக்குக் கொடுத்திருந்தான். திறப்பு விழாவுக்கு வரும் சிறப்பு விருந்தினர் அவள் மீனைச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறது என்றால் கிச்சன் அவளுக்கு. முகம் சுளித்தால் கே.கே. நகர் கேட்டரிங்காரருக்கு.

"நம்ம எடத்தப் புடுங்கிகினு, அதயே நமக்குப் பரிசா குடுக்கிறான் பாரு. கெட்டிக்காரன் நைனா இவன்" என்றாள் தேசம்மா. டயானாவின் நாத்தனார். மாவு பிசைய ஒரு கை, பேச ஒரு வாய் என்று கூட வந்திருந்தாள்.

பெட்டியின் கடைசிச் சுவரை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. அதுதான் கிச்சன். அந்தக் காலத்தில் சரக்கு வண்டி கோத்திருந்த பக்கம் அது. சுவரில் ஒரே ஒரு துவாரம்.

"அக்கா, எல்லாம் தீம்" என்று பாரத் காலையிலேயே விளக்கியிருந்தான். "அந்தப் பக்கமிருந்து தட்டினா தட்டை நீட்டுங்க. ஒரு வார்த்தை பேசக் கூடாது. காவல்காரன் பேச மாட்டான்."

"மீனு பேசலாமா?" என்று கேட்டாள் தேசம்மா. பாரத் அதற்குள் பூமாலை வாங்கக் கிளம்பிவிட்டான்.

மணி ஒன்றே கால். கத்திரி வெயில். கொட்டகைத் தகரம் தோசைக்கல்லாகக் கொதித்தது.

டக். டக்... டக்.

டயானா தகட்டை இழுத்தாள். உள்ளே ஒரே இருட்டு. விளக்கைப் போடாமல் இருப்பதும் தீம்தான் போலிருக்கிறது. காக்கிச் சட்டைக் கை ஒன்று நீண்டது. வற்றிக் கறுத்த கை. இந்தக் காலத்துப் பசங்க எங்கே சாப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு தட்டை நீட்டினாள். விடியற்காலை படகில் வந்த பாரை மீன், முதல் துண்டு. ஓரத்தில் எலுமிச்சை. கூடவே ஒரு டம்ளர் தண்ணீர்.

தட்டு உள்ளே போனது. 

பிறகு அதே தட்டு அப்படியே திரும்பி வந்தது. டம்ளர் காலி. உள்ளேயிருந்து தொண்டை வறண்ட ஒரு குரல்.

"பார... மாத்து."

டயானாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. பாரை மாத்தா? வாயில்கூட வைக்கவில்லையே!

"விருந்துக்கு வர்ற ஆளு வந்துட்டாரு போலகீது. மீனு புடிக்கல" என்று கிசுகிசுத்தாள்.

"கண்ணுலயே ருசி பாக்குறவரா? வேற துண்டு வெய்யி."

வேறு துண்டு வைத்தாள். நடுத்துண்டு, சதைப்பற்று. கூட ஒரு டம்ளர் தண்ணீர்.

டக். டக்... டக்.

"பார... மாத்து."

மாத்துங்க என்றுகூட இல்லை. மாத்து! டயானா பல்லைக் கடித்துக்கொண்டு தட்டை வாங்கினாள். வாங்கியவள் கையை உதறினாள். தட்டு சுட்டது. இங்கிருந்து போனபோது இருந்ததைவிடச் சூடாக இருந்தது. எலுமிச்சைத் துண்டு காய்ந்து தோலாகியிருந்தது. டம்ளரில் ஈரமே இல்லை.

"உள்ள ஏசி ஓடுதுன்னானே?"

"ஓடுது. சத்தம் கேக்குதில்ல" என்றாள் தேசம்மா.

கேட்டது. அதோடு இன்னொரு சத்தமும் கேட்டது. டிங்... டிங்... வெயிலில் கிடக்கும் இரும்பு சூடேறி விரியும் சத்தம்.

மூன்றாவது தட்டு. வால் துண்டு, மொறுமொறுவென்று. திரும்பி வந்தது.

நாலாவது தட்டு. மிளகாய்த் தூள் குறைத்து. திரும்பி வந்தது.

அடுப்பு மேடையில் வரிசையாக நாலு தட்டு, நாலும் கொதிக்கக் கொதிக்க. சட்டியில் கடைசித் துண்டு. அதற்குப் பிறகு மீன் இல்லை. கிச்சனும் இல்லை. டயானாவுக்கு அழுகை வந்தது. அதைவிட ஆத்திரம் வந்தது.

டக். டக்... டக்.

"பார... மாத்து... பார... மாத்து..."

கெஞ்சலாக இருந்தது குரல். அதை அப்போது அவள் கவனிக்கவில்லை.

"யோவ்!" பேசக் கூடாது என்று பாரத் சொன்னதைக் காற்றில் விட்டுவிட்டுத் துவாரத்தில் வாயை வைத்துக் கத்தினாள். "இன்னாய்யா ஒனக்குப் பிரச்சன? மாத்தியாச்சு! மாத்தி மாத்திக் கை ஓஞ்சிருச்சு! இனிமே இங்க நான் பாத்துக்கறேன், நீ ஊட்டுக்குப் போ!"



டிங்... என்ற சத்தம் நின்றுவிட்டது.

"...போலாமா?"

"போ!"

உள்ளே பூட்ஸ் கால்கள் ஒட்டி நின்ற சத்தம்.

டப்.

பிறகு நடை... தூரமாக... இன்னும் தூரமாக...

பெட்டியின் நீளம் அவ்வளவு கிடையாது.

"அக்கா!" கொட்டகை வாசலில் பாரத் நின்றான். சட்டை நனைந்திருந்தது. "சாரி, சீஃப் கெஸ்ட் இப்பதான் கிண்டி தாண்டுறாராம். முதல் தட்டு ரெடி பண்ணிக்கோங்க."

டயானா மேடையைப் பார்த்தாள். "அப்ப உள்ள யாரு?"

"உள்ளயா? ரிப்பனே இன்னும் வெட்டலியே அக்கா." பாக்கெட்டைத் தட்டிக் காட்டினான். "பூட்டியிருக்கு. சாவி இங்க."

தேசம்மா எட்டிப் பார்த்தாள். காக்கிச் சட்டைப் பையன்கள் இரண்டு பேரும் எதிர்ச் சாரி மர நிழலில் உட்கார்ந்து வெள்ளரிப் பிஞ்சு தின்றுகொண்டிருந்தார்கள். கொழுகொழுவென்று இருந்தார்கள்.

தேசம்மா அதற்குப் பிறகு அரைமணி நேரம் பேசவில்லை. அவள் வாழ்க்கையில் அது முதல் முறை.

சிறப்பு விருந்தினர் வந்தார். பாண்டுரங்கன். நங்கநல்லூர்வாசி. இந்தப் பெட்டிக்கு ஆள் அனுப்பிய காவல் படையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மைக்கிடமிருந்து மட்டும் ஓய்வு பெறாதவர். கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டே முக்கால் மணி நேரம் பேசினார்.

"அன்று இந்தப் பெட்டி எதைக் காத்தது என்று கேட்காதீர்கள். நான் சொல்ல மாட்டேன். சொன்னால் நாடே நடுங்கும்!"

வெயிலில் நின்ற கூட்டம் அதற்கு முன்பே தள்ளாடிக்கொண்டிருந்தது.

சட்டியில் இருந்த கடைசித் துண்டு அந்தக் கலவரத்தில் கரிந்து போயிருந்தது. வேறு வழியில்லை. திரும்பி வந்த தட்டுகளே விருந்தினருக்குப் போயின. மாதாவை வேண்டிக்கொண்டு நின்றாள் டயானா. பாண்டுரங்கன் ஒரு வாய் வைத்தார். கண்ணை மூடினார்.

"ஸ்மோக்கி! இந்த ருசிக்கு என்ன பண்ணினே?"

"ஒண்ணும் பண்ணல சார். நாலு தபா மாத்தச் சொன்னாங்க."

"யாரு?"

"உள்ளேருந்து. பார மாத்து, பார மாத்துன்னு. வறண்ட கொரலு."

பாண்டுரங்கனின் கை தட்டிலேயே நின்றது.

"பாரையில்லம்மா" என்றார் மெதுவாக. மைக் குரல் எங்கோ போயிருந்தது. "பாரா. பாரான்னா காவல் டூட்டி. அடுத்த ஆள் வந்து 'மாத்தியாச்சு, நீ போ'ன்னு சொல்ற வரைக்கும் நின்ன எடத்தைவிட்டு நகரக் கூடாது."

டயானா துவாரத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஷரீஃப்னு ஒருத்தன். இதே மாதிரி கத்திரி. பெட்டியை ஒரு லைன்ல ஒதுக்கி, வெயில்ல நிறுத்தியிருந்தாங்க. சரக்கு வண்டியைப் பார்த்துக்கினு அந்த ஓட்டைகிட்ட நின்னான். பொழுது சாய்ஞ்சப்புறம்தான் போய்ப் பாத்தாங்க. நின்ன வாக்குலயே சாஞ்சிருந்தான். தண்ணி தீந்திருந்தது."

"ஏன் சார் மாத்தல?"

பாண்டுரங்கன் கை கழுவ எழுந்துவிட்டார்.

கிச்சன் டயானாவுக்கே கிடைத்தது. அந்த வறுவலுக்கு பாரத் 'அணு வறுவல்' என்று பெயர் வைத்தான். அதே ருசியில் இன்னொரு தடவை செய்ய அவளால் முடியவில்லை. அந்தத் துவாரத்தில் அதற்குப் பிறகு பரிமாறும் பையன்களைத் தவிர யாரும் தட்டவில்லை. இருந்தாலும் ஒரு டம்ளர் தண்ணீர் அங்கே எப்போதும் இருக்கும். கிளம்பும் நேரத்தில் தேசம்மா வாசலில் நின்று, "மாத்தியாச்சு, நீ போ" என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் டயானா படி இறங்க மாட்டாள். 'இங்க நான் பாத்துக்கறேன்' என்று அன்று சொன்னது அவள்தானே.

அன்று குழாயடிக்கே போய் பாண்டுரங்கனைப் பிடித்தாள். "ஏன் சார் மாத்தல?" என்று மறுபடியும் கேட்டாள். அவர் பாரத் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டார்.

"சரக்கு லாரில போயிருச்சும்மா. இந்த வண்டி சும்மா, ஊர் கண்ணைக் கட்ட. இதுக்குப் போய் எதுக்கு ரெண்டாவது ஆளுன்னு விட்டுட்டாங்க."

"அவருக்குத் தெரியுமா?"

"சொல்லலை. ரகசியம்."

"அப்ப வண்டி காலியா?"

"காலின்னு சொல்ல முடியாது" என்றார் பாண்டுரங்கன், கையைத் துடைத்துக்கொண்டே. "மணல் இருந்தது."