அவர் விட்டுப்போன வேலை

என் வீட்டுக்காரர் சர்வீஸில் இருக்கும்போதே நெஞ்சுவலியில் போய்விட்டார். காரியம் முடிந்த கையோடு வீட்டில் ஒரே பேச்சு: வாரிசு வேலை யாருக்கு? நெய்வேலி நிலக்கரிக் கம்பெனியில் பர்மனென்ட் ஆள் ஒருவர் இறந்துபோனால் குடும்பத்தில் ஒருவருக்கு வேலை கேட்கலாம். ஒருவருக்குத்தான். கிடைத்தால் பிழைப்பு ஓடும். கிடைக்காவிட்டால் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு நடையைக் கட்ட வேண்டியதுதான். எனக்கோ இரண்டு பிள்ளைகள். மூத்தவள் பட்டப்படிப்பு முடித்துவிட்டு மந்தாரக்குப்பத்தில் ஒரு ஜவுளிக் கடையில் பில் போடுகிறாள். சின்னவன் டிப்ளமோ முடித்துவிட்டு காண்ட்ராக்ட் வேலைக்குப் போகிறான்.

மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து வந்த என் கொழுந்தனார் காப்பி ஆறுவதற்குள் தீர்ப்பைச் சொல்லிவிட்டார். "பையன் பேருக்கு எழுதிடுங்க அண்ணி. பொண்ணு நாளைக்கு வேற வூட்டுக்குப் போறதுதானே." எதிர் வீட்டு அம்மாவுக்கு இது பொறுக்கவில்லை. மருமகள் வந்துவிட்டால் பையன் உன்னைத் திரும்பிப் பார்க்க மாட்டான், பெண்ணுக்கே வாங்கிக் கொடு என்று அடுப்படி வரைக்கும் வந்து ஓதினார். நான் இரண்டு பேருக்கும் தலையாட்டி வைத்தேன். என் கவனமெல்லாம் பிள்ளைகள் மேல்தான் இருந்தது.

ஏனென்றால் இரண்டும் என்னவோ செய்துகொண்டிருந்தன. ஒரே சோபாவில் உட்கார்ந்துகொண்டு ஒருவருக்கொருவர் போனில் மெசேஜ் அனுப்பிக்கொள்வார்கள். நான் பக்கத்தில் போனால் போன் குப்புறக் கவிழ்ந்துவிடும். அப்படி என்னதான் பேசுகிறார்கள்? துணி காயப்போடும் சாக்கில் ஜன்னலோரம் நின்று ஒட்டுக்கேட்டேன். நான் பெற்ற பிள்ளைகள்தானே, இதில் என்ன வெட்கம்! "நீ சொல்லு", "நீயே சொல்லு" என்பது மட்டும் காதில் விழுந்தது. சரி, இந்தக் காலத்துப் பிள்ளைகள், வேலைக்காக அடித்துக்கொள்ளப் போகிறார்கள் என்று முடிவே கட்டிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரையும் எதிரில் உட்காரவைத்து, உங்களில் யார் என்று இன்றைக்கே தெரிந்தாக வேண்டும் என்றேன். அவன் அக்காவைப் பார்த்தான்.

"ரெண்டு பேரும் இல்லம்மா. நீ வேலைக்குப் போ" என்றாள் மூத்தவள். விசாரித்துவிட்டார்களாம். என் வயசுக்கும் பிளஸ் டூ படிப்புக்கும்கூடக் கேட்கலாமாம்.

எனக்கு வந்ததே கோபம். ஐம்பதை நெருங்குகிற வயதில் நான் உழைத்துப் போட, நீங்கள் உட்கார்ந்து தின்பீர்களா என்று கத்தினேன். அவன் எழுந்துபோய் ஃபேனைக் கூட்டி வைத்தான். அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"வேலை எனக்கு வந்தாலும் அவனுக்கு வந்தாலும், ஒரு ஜாக்கெட் துணிக்குக்கூட நீ எங்களைக் கேட்டுக்கினு நிக்கணும். அப்பாகிட்ட நின்னது போதும்மா."

இத்தனை வருஷம் அதையெல்லாம் இவள் பார்த்துக்கொண்டா இருந்தாள்? அப்படியானால் உங்களுக்கு அந்த வேலை வேண்டாமா என்று கேட்டேன்.

"வேணாம்னு யார் சொன்னா? எனக்கும் வேணும், அவனுக்கும் வேணும். ரொம்ப வேணும்."

அதுதான் எனக்குப் பிடிபடவில்லை. விட்டுக்கொடுப்பதென்றால் நாங்களெல்லாம் வேண்டாம் என்றுதான் சொல்லுவோம். என் அம்மாவின் வளையலைச் சிரித்த முகமாக அக்காவுக்கு விட்டுக்கொடுத்தவள் நான். இன்றைக்கும் அவள் கையைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். இதுகள் ரொம்ப வேணும் என்று சொல்லிக்கொண்டே தள்ளி நிற்கின்றன. இது என்ன ரகம் என்று இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தேன். சின்னவனுக்கு உதடு துடித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் ஆபீஸுக்குப் போனேன். அங்கே இருந்தவர், வேலை பையனுக்கா பெண்ணுக்கா என்று விசாரித்தார்.

"எனக்கு வேணும்" என்றேன். பிறந்ததிலிருந்து நான் அப்படி ஒன்றைக் கேட்டதே இல்லை.