ஏழு ஓமும் ஒரு டபுள் கப்பும்

எங்கள் வாகனம் என் கைக்கு வந்து பதினாலு வருடமாகிறது. துறைமுகத்தில் சரக்கு இறங்கும்போது மூட்டை எண்ணி எழுதும் எழுதுவினைஞராக முப்பத்தொரு வருடம் இருந்துவிட்டு, ஓய்வு பெற்ற அதே மாதம் அதை வாங்கினேன். சாம்பல் நிறம், டீசல். முன்னால் இரண்டு கதவு, பின்னால் இரண்டு கதவு, அதற்கும் பின்னால் திறந்த பெட்டி. இங்கே இதை டபுள் கப் என்பார்கள். காருமில்லை, லொறியுமில்லை. பூசைக்கும் போகலாம், சீமெந்து ஏற்றவும் போகலாம்.

இரண்டு பேர் உள்ள வீட்டுக்கு ஐந்து பேர் இருக்கும் வாகனம் எதற்கு என்று வாங்கிய நாளிலேயே கேட்டார்கள். நியாயமான கேள்விதான். விடைக்குப் பதிலாக என்னிடம் எல்லாம் எண்ணி எழுதிய ஒரு கொப்பி இருக்கிறது. வாங்கும்போது அறுபத்தோராயிரம் கிலோமீற்றர் ஓடியிருந்தது; இப்போது இரண்டு லட்சத்து எட்டாயிரம். சில்லுக்குக் காற்றுப் போனது இருபத்துமூன்று தடவை. அதில் ஒன்பது தடவை பின் இடப்பக்கச் சில்லு; அதற்கான காரணத்தை வாகனம் திருத்தும் எந்தப் பாசும் எனக்குத் திருப்தியாகச் சொல்லவில்லை. நாடு முழுதும் டீசலுக்கு வரிசையில் நின்ற வருடத்தில் ஒருநாள் எனக்கு முன்னால் நூற்று நாற்பத்துமூன்று வாகனங்கள் நின்றன. கோட்டை வாசலில் நிறுத்திவிட்டு ஒருவருடன் கதைத்துவிட்டு வந்தபோது, பெட்டியில் இருந்த இரண்டு கட்டு அகத்திக்கீரையை அங்கே திரியும் மான்கள் தின்று முடித்திருந்தன. ஐந்து மான். ஒன்று கதவில் படிந்திருந்த உப்பை நக்கிக்கொண்டு நின்றது.

மற்றவர்களுக்காக ஏற்றியவற்றையும் எழுதி வைத்திருக்கிறேன்: அலுமாரி ஆறு, கட்டில் பதினொன்று, குளிர்சாதனப் பெட்டி நாலு, மணமகள் ஒன்று. மணமகள் முன் கதிரையில்தான் இருந்தாள். இதைச் சொல்லாவிட்டால் கேட்பார்கள்.

ஆறாவது அலுமாரி மூதூருக்கு அப்பால் உள்ள கட்டைபறிச்சானுக்குப் போனது. கிண்ணியாவிலிருந்து மூதூர் வரைக்கும் பாலங்களை எண்ணிக்கொண்டு போவது என் வழக்கம். மனைவி பக்கத்தில் இருந்தால் மதகுகளையும் சேர்த்து எண்ணுவாள். பதினாலு வருடமாகியும் நாங்கள் ஒரே எண்ணிக்கைக்கு வரவில்லை.

கடற்காற்றில் நிற்கும் வாகனத்துக்கு இரும்பைத் தின்னும் கறள்தான் வியாதி. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் நல்ல தண்ணீரால் கழுவுகிறேன். அப்படியிருந்தும் பெட்டியின் அடித்தகட்டில் பதினொரு ஓட்டை. ஒவ்வொன்றையும் சுற்றி வெள்ளைப் பெயின்றால் வட்டம் போட்டிருக்கிறேன். பெரிதாகிறதா என்று பார்ப்பதற்கு.

இப்படியே போயிருக்கலாம். இந்த வருடம் மனைவிக்கு முழங்கால் நோ தொடங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பூசைக்கு வெளிக்கிட்டு இடப்பக்கக் கதவடியில் நின்றபடி சொன்னாள்:

"இனி இதில எனக்கு ஏறேலாது."

நான் குனிந்து சில்லுகளின் காற்றைப் பார்த்தேன். பதில் சொன்னால் அடுத்த வசனம் "வித்துப்போட்டுச் சின்னக் காரொண்டு எடுங்கோ" என்று வரும் என்பது எனக்குத் தெரியும். வாகனம் போனால் என்னை எவரும் அலுமாரி ஏற்றக் கூப்பிடமாட்டார்கள். வீட்டில் இருந்து கதிரை எண்ண வேண்டியதுதான். எங்கள் வீட்டில் ஒன்பது கதிரை. எண்ணி முடிக்க ஒரு நிமிடமும் ஆகாது.

ஆகவே மூன்று ஞாயிறு அவள் ஓட்டோவில் முன்னால் போக, நான் ஐந்து பேருக்கான வாகனத்தில் தனியாகப் பின்னால் போனேன். கோயில் வாசலில் இதைப் பார்த்தவர்கள் பலர். டபுள் கப் விலைக்கு நிற்கிறது என்று அவர்களே முடிவெடுத்துவிட்டார்கள்.

நாலாவது வாரம் தொலைபேசி வந்தது. பேசியவர் கடற்கரையில் நின்றிருக்க வேண்டும். காற்றும் படகு மோட்டரின் சத்தமும் கூடவே வந்தன.

"ஐயா, குச்சவெளியில இருந்து கதைக்கிறன். உங்களிட்ட டபுள் கப் ஒண்டு நிக்குதாம்."

"ஓம்."

"டீசல்தானே?"

"ஓம்."

"நீங்கள் ஒராள்தானே இவ்வளவு காலமும் ஓடினது?"

"ஓம்."

அதற்குப் பிறகு அவர் சொன்னதைக் காற்று கொண்டுபோய்விட்டது. எங்கள் பக்கத்தில் ஒருவர் கதைக்கும்போது இடையிடையே ஓம் போடாவிட்டால் மரியாதையில்லை. அது சம்மதமல்ல, காது திறந்திருக்கிறது என்பதற்கு அடையாளம். நான் மரியாதையாக மூன்று ஓம் போட்டேன். கடைசியில் "அப்ப வெள்ளிக்கிழமை வரட்டோ?" என்றது மட்டும் தெளிவாகக் கேட்டது. அதற்கும் ஓம் என்றேன்.

மனைவி குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எத்தினை ஓம் சொன்னனீங்கள் எண்டு தெரியுமோ?"

"ஏழு."

"எதெதுக்குச் சொன்னனீங்கள் எண்டு தெரியுமோ?"

அது தெரியவில்லை. பார்க்க வருகிறார்களாக்கும் என்று சொல்லி வைத்தேன். வியாழக்கிழமை முழுதும் கொப்பியைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது பதினாலுக்கு ஓர் ஓட்டோ வந்து நின்றது. மூன்று பேர் இறங்கினார்கள். தொலைபேசியில் பேசிய மீன் வியாபாரி, நாற்பது வயதிருக்கும், அவருடைய மனைவி, அந்தப் பெண்ணின் தமையன், வலைத்தொழில் செய்பவர். பெண்ணின் கையில் ஒரு பை. அதிலிருந்து ஒரு தேங்காய், கற்பூரப் பெட்டி, பூமாலை, நாலு தேசிக்காய் வெளியே வந்தன. பார்க்க வருகிறவர்கள் தேசிக்காய் கொண்டுவருவதில்லை. கொண்டுபோக வருகிறவர்கள்தான் ஏறி நசிக்கச் சில்லுக்கு ஒன்றாக நாலு கொண்டுவருவார்கள்.

"ஐயா, பத்தரைக்கு ராகுகாலம் தொடங்குது," என்றார் வியாபாரி. "அதுக்கு முன்னம் கேற்றால வெளியில எடுத்திட்டா நல்லம்."

நாங்கள் வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள்; ராகுகாலம் எங்கள் வீட்டில் புழக்கத்தில் இல்லை. ஆனாலும் எனக்கு எழுபத்தாறு நிமிடம் இருக்கிறது என்று மனம் உடனே கணக்குப் போட்டது.

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ஏழு தடவை ஓம் சொன்ன வாய். வாகனத்தின் பழுதுகளைச் சொன்னால் அவர்களாகவே போய்விடுவார்கள் என்று நினைத்துக் கொப்பியை எடுத்தேன்.

"இரண்டாவது கியர் காலமையில அழும், தம்பி. மூண்டு நிமிசம் ஓடின பிறகுதான் சத்தம் நிக்கும். அதுவரைக்கும் ஆக்கினைப்படுத்தக்கூடாது."

"ஓம் ஐயா."

"டீசல் முள்ளு பொய் சொல்லும். கால்வாசி எண்டு காட்டினா அரைக்கால்வாசி. நான் கிலோமீற்றரை வச்சுத்தான் பாக்கிறனான். ஹோர்னை வலது மூலையில அமத்தோணும், நடுவில அமத்தினா வேலை செய்யாது. பின் இடப்பக்கக் கண்ணாடி இறங்காது. இறக்கினா ஏறாது."

வியாபாரி பெட்டியில் ஏறி வெள்ளை வட்டங்களைப் பார்த்தார். "இது என்ன ஐயா?"

"கறள் ஓட்டை. பதினொண்டு. மூண்டாவது மட்டும் போன வருசத்தைவிடக் கொஞ்சம் பெருத்திருக்கு."

தமையன் சிரிக்கத் தொடங்கிவிட்டார். "ஐயா, பொம்பிளை பாக்க வந்த இடத்தில தேப்பனே அவளின்ர வாயைத் திறந்து காட்டி, இதில ரெண்டு பூச்சிப்பல்லு எண்டு சொல்ற மாதிரி இருக்கு."

"அதுதான் மச்சான் வேணும்," என்றார் வியாபாரி. "பழுதை எண்ணி வச்சிருக்கிற மனிசனிட்ட வாங்கினாப் பயமில்லை. கூலிக்கு வாற லொறிக்காரன் நேரத்துக்கு வாறானில்லை, ஐயா. ஐசும் கரையுது, மீனும் போகுது. எனக்கு இதுதான் சரி."

நான் சொன்ன ஒவ்வொரு பழுதுக்கும் ஒரு படி கூடுதலாக அவருக்கு ஆசை ஏறியது. ஒருக்கால் ஓடிப் பார்க்கட்டுமா என்றார். திறப்பைக் கொடுத்தேன். பெண்கள் இருவரும் வீட்டில் நின்றார்கள். அவர் வலப்பக்கம் ஏறினார், தமையன் பின்னால் ஏறினார், நான் இடப்பக்கக் கதவைத் திறந்தேன்.

பதினாலு வருடத்தில் அந்தப் பக்கத்தால் நான் ஏறியதில்லை. வலப்பக்கத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்து உன்னிவிடலாம். இங்கே பிடிக்க ஒன்றுமில்லை. கதவு மேலோரத்தில் ஒரு கைபிடி இருந்தது. ஐந்து வருடத்துக்கு முன் ஒரு கட்டில் சட்டம் இடித்து உடைந்தது. கொப்பியில் அதை "அவசியமில்லை" என்று குறித்து வைத்திருந்தேன். ஓட்டுகிறவனுக்கு அவசியமில்லைதான். காலைத் தூக்கி வைத்தேன், வழுக்கியது. இரண்டாம் தடவை முழங்காலில் ஏதோ நொறுக்கென்றது. மூன்றாம் தடவை தமையன் பின்னாலிருந்து கையை நீட்டி என் சேட்டுக் கொலரைப் பிடித்து இழுத்தார்.

"ஐயாவுக்குத் தன்ர வாகனத்திலயே ஏறப் பழக்கமில்லைப் போல," என்றார்.

கரையோரமாக வியாபாரி ஓட்டிக்கொண்டு போனார். நல்ல ஓட்டம்; இரண்டாவது கியரை ஆக்கினைப்படுத்தவில்லை. வியாபாரி ஏதோ கேட்டார். நான் ஓம் போடவில்லை. ஐந்து வருடத்தில் மனைவி அந்தக் கதவால் எத்தனை தடவை ஏறியிருப்பாள் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். பூசை மட்டும் வருடத்துக்கு ஐம்பத்திரண்டு. சந்தை, ஆஸ்பத்திரி, கல்யாண வீடு, செத்த வீடு. ஒன்றும் கொப்பியில் இல்லை. மூன்றாவது ஓட்டை பெருத்தது மட்டும் இருக்கிறது.

திரும்பி வந்தபோது பத்து ஒன்பது. இறங்கியதும் வியாபாரியின் மனைவி ஒவ்வொரு சில்லுக்கு முன்னாலும் ஒரு தேசிக்காய் வைத்தாள். மாலையும் போட்டாயிற்று.

"இதுக்கு எங்கட சுவாமி தீர்த்தம் தெளிச்சவர்," என்றாள் என் மனைவி, கொஞ்சம் ரோசமாக.

"அது பதினாலு வருசத்துக்கு முன்னம், அம்மா," என்றார் தமையன். "காய்ஞ்சிருக்கும்."

இனியும் பேசாமல் நின்றால் வாகனம் போய்விடும். நான் வியாபாரியைப் பார்த்துச் சொன்னேன்:

"தம்பி, நான் ஏழு ஓம் சொன்னனான். அதில மூண்டு எதுக்கெண்டு எனக்குக் கேக்கேல்லை."

"எந்த மூண்டு?"

"நாலாவது, அஞ்சாவது, ஆறாவது."

அவர் யோசித்தார். மீன் எண்ணி விற்கும் மனிதர், ஞாபகம் இருந்தது. "நாலாவது, வேற ஆருக்கும் குடுக்காதேங்கோ, விலையை நேரில பேசி நாங்கள் எடுக்கிறம் எண்டது. அஞ்சாவது, வெள்ளிக்கிழமை நல்ல நாள் எண்டது. ஆறாவது, அம்மாவுக்கும் சம்மதம்தானே எண்டு கேட்டனான்."

"எனக்குச் சம்மதமெண்டோ சொன்னனீங்கள்?" என்றாள் மனைவி.

"காத்து," என்றேன்.

"நான் ஏறேலாது எண்டுதானே சொன்னனான். விக்கச் சொல்லி எப்ப சொன்னனான்? இஞ்சாருங்கோ, இது போனா நீங்கள் நாள் முழுக்க வீட்டில இருந்து என்ர குசினிச் சாமானையெல்லோ எண்ணுவியள்."

"நான் இண்டைக்கு அந்தப் பக்கத்தால ஏறினனான்," என்றேன் அவளிடம். "எனக்கும் ஏலாது. கைபிடியை நான் அப்பவே போட்டிருக்கோணும்."

 அவள் முகம் இளகியது எனக்குத் தெரிந்தது.

வியாபாரி தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். அவருடைய ஏமாற்றம் உண்மையானது. எனக்கும் வெட்கமாக இருந்தது. "அப்ப இல்லையெண்டு முதல் ஓமிலயே சொல்லியிருக்கலாமே, ஐயா," என்றார்.

"முதலாவது, வாகனம் நிக்குதோ எண்டுதானே கேட்டனீங்கள். நிண்டது."

தமையன் விழுந்து விழுந்து சிரித்தார். வியாபாரிக்கும் கடைசியில் சிரிப்பு வந்துவிட்டது. சீனக்குடாவில் இன்னொரு டபுள் கப் விலைக்கு நிற்கிறதாம், முன்னமே கேள்விப்பட்டிருந்தாராம். "நீங்கள் உந்தக் கொப்பியோட வந்து பாத்துத் தாங்கோ. உங்களுக்கு முன்னால ஒருத்தனும் பழுதை ஒளிக்கேலாது."

இந்தத் தடவை நன்றாகக் கேட்டுவிட்டு ஓம் என்றேன்.

"வச்ச தேசிக்காயை எடுக்கக்கூடாது," என்றாள் வியாபாரியின் மனைவி. "ஆர் ஓடினாலும் அதில வாகனம் ஏறித்தான் போகோணும். பத்தரைக்கு முன்னம்."

அப்போது பத்து பதினெட்டு. சீனக்குடாவுக்கே போவோம் என்று முடிவாயிற்று; ஐந்து பேருக்கும் இடமிருந்தது. ஒருவரை ஏற்றுவதுதான் பாடு. தமையன் இடுப்பில் சுற்றியிருந்த வலைக்கயிற்றை அவிழ்த்து, உடைந்த கைபிடியின் ஆணித் துளைகளில் கோத்து, நாலு முடிச்சுப் போட்டு ஒரு வளையம் செய்தார். என் மனைவி அதைப் பிடித்தாள். வியாபாரியின் மனைவி பின்னாலிருந்து ஒரு தள்ளு. ஒரே தடவையில் ஏறி இருந்தாள்.

கேற்றைத் தாண்டும்போது பத்து இருபத்தேழு. அதற்குள் மூன்று தேசிக்காய் நசிந்த சத்தம்தான் கேட்டிருந்தது. நாலாவது உருண்டுவிட்டதா என்று இறங்கிப் பார்க்கப் போனேன்; மூன்று நிமிடம்தான் இருக்கிறது, பேசாமல் ஓடுங்கோ என்று நாலு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

சீனக்குடா வாகனத்தில் பத்தொன்பது பழுது கண்டேன். பத்தொன்பதும் தெரிந்துகொண்டுதான் வியாபாரி அதை எடுத்தார். நான் முதலில் பார்த்தது இடப்பக்கக் கைபிடியை. உறுதியாக இருந்தது, என் மனைவியை ஏற்றி இறக்கியே சோதித்தோம்.